கையெழுத்துக்கு மழை வேண்டும்

பத்தொன்பது வருடமாகக் கூரைத் தகடு விற்கிறவளுக்குக் கூரை போடத் தெரியுமா என்று பரீட்சை வைக்கப்போவதாகக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த வாக்கியத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மாதத்துக்குள் சான்றிதழ் வாங்காத டீலர்கள் இனிமேல் வாடிக்கையாளருக்கு உத்தரவாத அட்டை கொடுக்க முடியாதாம். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அட்டை இல்லாமல் ஒருத்தரும் தகடு வாங்க மாட்டார்கள். பைபாஸ் ரோட்டில் புதிதாகக் கடை போட்டவர் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, சுற்றிலும் சீரியல் பல்பு வேறு தொங்கவிட்டிருந்தார். நான் தவறவிட்டால் என் கடை வாசலில் இருக்கும் கம்பெனி போர்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பயிற்சியும் பரீட்சையும் ஏற்காட்டில், நான்கு நாள். ஒரு டீலரோடு ஒரு ஃபிட்டர் வரலாம். என் ஃபிட்டர் சேவியர், ஐம்பத்திரண்டு வயது, கடை திறந்த நாளிலிருந்து என்னோடு இருப்பவர். சரக்கு எனக்குத் தெரியும், கூரை அவருக்குத் தெரியும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அம்மா என்பார். சண்டை வந்தால் மட்டும் வசந்தியம்மா.

சேவியர் அண்ணன் மீனவர் வீட்டுப் பிள்ளை. எந்த அலைக்கும் தனக்குத் தலைசுற்றியதில்லை என்று சேலம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நம்பரில் அண்ணன் பேச்சை நிறுத்தினார். பதினொன்றில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். கண்டக்டர் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்க, ஒண்ணும் ஆகாதுங்க. கடலூர்க்காரங்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரங்களுக்குமே இங்க இப்படித்தானுங்க" என்றார். அதற்குப் பிறகு மேலே போய்ச் சேரும்வரை அண்ணன் அலையைப் பற்றிப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றோம். நான்கு பஜ்ஜிக்குப் பிறகுதான் எனக்கு ஊர் பிடித்தது. தூறலும் மூடுபனியுமாக, எதிரே நிற்கிற ஆளின் சட்டை நிறம் தெரியவில்லை. எங்கள் ஊரில் மழை என்றால் ஒரு மாதம் ஆடித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே அது சொந்தக்காரர் மாதிரி வருகிறது, போகிறது, மறுபடி குடையை மறந்துவிட்டேன் என்று வருகிறது. ஓட்டல் அறையில் ஃபேனே இல்லை. ஃபேன் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் வகுப்பு. பன்னிரண்டு ஊர்களிலிருந்து பன்னிரண்டு டீலர்கள். தினேஷ் என்று ஒரு இளம் அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். மரியாதையான பையன். எதைச் சொன்னாலும் முன்னால் 'அடிப்படையில்' என்று சேர்த்துக்கொள்வார். அடிப்படையில் தகடு, அடிப்படையில் ஸ்க்ரூ, அடிப்படையில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பு என்று போட்டிருந்ததை சேவியர் அண்ணன் ஆசையாகப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "டேம் மீனும்மா. உப்புத் தண்ணியே பார்க்காத ஜீவன்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். எழுத்துப் பரீட்சையில் நான் நூற்றுக்கு எண்பத்தெட்டு. அன்றைக்கு என்னைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கும் கடைக்கும் போன் போட்டு, ராங் நம்பராக வந்த ஒருவரிடமும் சொன்னேன்.

மூன்றாம் நாள்தான் உண்மையான பரீட்சை. சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு வீடுகளைக் கம்பெனி தேர்ந்தெடுத்து, இலவசமாகக் கூரை மாற்றித் தருகிறது. ஆளுக்கொரு வீடு. வேலை முடிந்ததும் ஒரு படிவத்தில் ஃபிட்டர், டீலர், வீட்டுக்காரர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தினேஷ் அதைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. ஆறு மாதத்தில் பைபாஸ் ரோட்டுக்காரர் சீரியல் பல்பை எடுத்துவிட்டு ஆர்ச்சே வைத்துவிடுவார்.

எங்களுக்கு விழுந்தது நாகலூரில் பழனியம்மா வீடு. தகடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டியில் போனோம். பன்னிரண்டடித் தகடு வண்டிக்கு வெளியே வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் திரும்பும்போது வால் ரோட்டை முழுசாக அடைத்துவிட, எதிரே வந்த நாகலூர் பஸ் நின்றுவிட்டது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி ஆளுக்கொரு திசையைக் காட்டி, "லெப்ட்ல ஒடிங்க", "அக்கட்டால போங்க" என்று கத்தினார்கள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே வண்டி திரும்பி முடித்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

பழனியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை, அன்றைக்குக் கூரைக்காக லீவு போட்டிருந்தார். மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ஓடைக்கு மேலே ஒரு மேட்டில் ஒற்றை வீடு. எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நின்றவர் நாங்கள் வேலையை முடிக்கும்வரை உட்காரவில்லை.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு தகட்டின் ஓரத்தின் மேல் அடுத்த தகட்டின் ஓரம் ஏறிப் படுக்கும். மேலே ஏறிய ஓரம் காற்று வரும் பக்கத்தைப் பார்த்துத் திறந்திருந்தால், காற்று மழையை உள்ளே ஊதிவிடும். எங்கள் ஊரில் புயலும் மழையும் கிழக்கே கடலிலிருந்துதான் வரும். அதனால் யாரும் திசை எல்லாம் பார்ப்பதில்லை. கடல் இருக்கிற பக்கத்துக்குத் தகட்டின் ஓரம் முதுகு காட்ட வேண்டும், அவ்வளவுதான். சேவியர் அண்ணனுக்கு இது கையிலேயே ஊறிப்போன பழக்கம். ஏணியில் ஏறியவர், வழக்கம்போலக் கேட்டார்: "கடல் எந்தப் பக்கம்?"

நானும் யோசிக்காமல், வெயிலைப் பார்த்து, "அந்தப் பக்கம்" என்று கிழக்கே கை காட்டினேன். எழுத்துப் பரீட்சையில் எண்பத்தெட்டு வாங்கியவள்!

இரண்டு தகடு ஏறிவிட்டது. பழனியம்மா கீழேயிருந்து கேட்டார்: "ஏனுங்க, கடலுன்னீங்களே, எந்தக் கடலுங்க?"

அண்ணன் கூரையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"எங்கூர்ல ஏரிதானுங்க இருக்குது. காத்து மழையெல்லாம் மேக்கால இருந்துதான் சாத்துமுங்க. அந்தச் செவுத்தப் பாருங்க" என்றார் பழனியம்மா. மேற்குச் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. கிழக்குச் சுவர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கண்ணிருக்கிற எவருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு வந்த வெட்கத்தில் ஓடையில் இறங்கிவிடலாம்போல இருந்தது. தினேஷ் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அடிப்படையில் என்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இரண்டு தகட்டையும் கழற்றி, மறுமுனையிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று மணிக்குள் கூரை முடிந்தது. கடைசியில் கம்பெனிக்குப் படம் வேண்டும், டீலரும் வேலை செய்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார் தினேஷ். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, கூரை ஓரத்தில் ஒரு ஸ்க்ரூவை மிஷினால் முடுக்கினேன். படம் நன்றாக வந்திருந்தது, அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

படிவத்தை நீட்டினேன். பழனியம்மா கையைக் கட்டிக்கொண்டார்.

"மழை பேயட்டுங்க. அப்பறம் போடறனுங்க."

"வேலை முடிஞ்சிருச்சேம்மா. நல்லா இல்லையா?"

"பாக்க நொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா கூரை பாக்கறதுக்கு இல்லீங்களே."

தினேஷ் அடிப்படையில் இது வெறும் சம்பிரதாயம் என்று விளக்கினார். பழனியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இதுக்கு முன்னால வந்து போட்டவங்களும் சம்பிரதாயம்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க. அவங்களும் சர்டிபிகேட் வெச்சிருந்தவங்கதானுங்க. போட்டா புடிச்சாங்க, போனாங்க. மொத மழைக்கே ஊட்டுக்குள்ள ஓடை ஓடுச்சுங்க. போன் போட்டா, நீங்கதான் நல்லா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேன்னாங்க. அதுலருந்து மழை பேயாம எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போடறதில்லீங்க."

நானும் வானத்தைப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தூறிக்கொண்டிருந்த மலையில், ஒரு துண்டு மேகம் இல்லை. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்.

சேவியர் அண்ணன் குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு கூரையில் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. பழனியம்மா தலையை ஆட்டினார். "கொடத்துத் தண்ணி நேரா உழுகுமுங்க. மழை குறுக்கால உழுகும்." அண்ணன் குடத்தைக் கீழே வைத்தார், ஏனென்றால் அதுதான் உண்மை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மற்ற பதினொரு டீலர்களும் கையெழுத்தான படிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். "அந்தம்மா வேலை பாக்கிற எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர் பொறுப்பானவர்தானே மேடம், அவர் கையெழுத்துப் போட்டாலும் ஏத்துப்பாங்க" என்று தினேஷ் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் கூரைக்கு இன்னொரு தடவை வேறு யாரோ நல்லா இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதா? "காலையில் பார்க்கலாம் சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையிலும் வெயில். எட்டு மணிக்கே நாகலூர் போய், பஸ் நிற்கும் இடத்தில் அப்துல் பாய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். சேலத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே கடை நடத்துகிற குடும்பம். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வானத்தைப் பார்ப்பதைக் கண்டு, "ஏனுங்கம்மா, காப்பிக்கொட்டை காயப் போட்டிருக்கீங்களா?" என்றார் பாய்.

"இல்லை பாய், மழை வரணும்னு பார்க்கிறேன்."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "வாரவங்க எல்லாம் மழை நிக்குமான்னுதான் கேப்பாங்க. மழை வருமான்னு கேட்ட டூரிஸ்ட் நீங்க ஒருத்தருதானுங்க." விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "பழனியம்மா சொன்னா சொன்னதுதானுங்க. ஆனா மத்தியானத்துக்கு மேல வரும். கரடியூர்ப் பக்கம் பாருங்க, மூட்டம் கட்டுது" என்றார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவர் பேச்சை நம்பி இரண்டு தட்டு பரோட்டா சாப்பிட்டோம்.

ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. தினேஷ் பைக்கில் வந்து வாட்சைக் காட்டினார். எல்லாரும் பழனியம்மா வீட்டுக்கு நடந்தோம். வேலை முடிந்து திரும்பியிருந்த அவருக்கே எங்களைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். "நீங்க நல்லவங்கன்னு தெரியுதுங்க. ஆனா நல்லவங்களுக்காக மழை சும்மா இருக்காதுங்களே" என்றார். பத்தொன்பது வருடக் கடை, ஒரு மேகத்தை நம்பி உட்கார்ந்திருந்தது.

மூன்றே முக்காலுக்கு வெளிச்சம் மங்கியது. சில்வர் ஓக் மரங்கள் ஒருசேரச் சாய்ந்தன. மேற்கேயிருந்து காற்று வந்தது, அதன் பின்னாலேயே மழை. பழனியம்மா சொன்னது சரிதான், அது குறுக்கேதான் வந்தது. தகட்டின் மேல் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பழனியம்மா பழக்க தோஷத்தில் அண்டாவையும் இரண்டு குண்டானையும் வீட்டு நடுவில் கொண்டுவந்து வைத்தார். நாலு பேரும் அண்ணாந்து நின்றோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பாத்திரங்கள் காலியாகவே இருந்தன. சேவியர் அண்ணன் மீசையைத் தடவ ஆரம்பித்தார்.

அப்போதுதான் சொட்டியது.

கிழக்கு ஓரத்தில், அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில். ஒரு சொட்டு, கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. அண்ணன் போய் அதற்கு நேர் மேலே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வசந்தியம்மா, அது உங்க ஸ்க்ரூ."

படத்துக்காக நான் முடுக்கிய ஸ்க்ரூ. படம் நன்றாக வர வேண்டும் என்று பல்லைக் கடித்து முடுக்கியதில் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. மொத்தக் கூரையிலும் ஒழுகியது அந்த ஒன்றுதான். தினேஷ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணன் ஏணியை எடுக்கப் போனார். "இருங்கண்ணே. போட்டது நான்" என்றேன்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஏணியில் ஏறினேன். பழனியம்மா கீழே நின்று எட்டின மட்டும் குடையைத் தூக்கிப் பிடித்தார், அது என் முழங்கால்வரைதான் நனையாமல் காத்தது. பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, அதைவிடப் பருமனான ஒன்றைப் புது வாஷரோடு, இந்தத் தடவை அண்ணன் "போதும்" என்று சொன்ன இடத்தில் நிறுத்தினேன். இறங்கி வருவதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எல்லாரும் அம்மிக்கல்லைச் சுற்றி நின்றோம். அம்மிக்கல் காய்ந்தே இருந்தது. மணி நாலே முக்கால்.

பழனியம்மா படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு 'குறைகள்' என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை வைக்காமல், எட்டாவது வரை படித்த நிதானமான எழுத்தில் எழுதினார்: 'ஒரு ஸ்க்ரூ ஒழுகியது. அந்தம்மாவே ஏறி மாற்றினார்கள். இப்போது ஒழுகவில்லை.'

தினேஷ் படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தக் கட்டத்துல மத்த எல்லாரும் கோடு போட்டுத்தான் கொடுத்திருக்காங்க மேடம். எங்கிட்ட புது ஃபார்ம் ஒண்ணு இருக்கு. கையெழுத்து மட்டும் திரும்ப வாங்கிக்கலாமா?"

நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடை போர்டு கண்ணுக்கு முன்னால் வந்து போனது. ஆனால் மழையைப் பார்த்துப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதானே? "அவங்க எழுதினபடியே அனுப்புங்க சார்" என்றேன். குரல் நான் நினைத்த அளவுக்குத் தைரியமாக வரவில்லை.

டீக்கடை வாசலில்தான் சிக்னல் கிடைத்தது. ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் பெட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஐந்தரைக்கு தினேஷ் போனைப் பார்த்து எழுந்துவிட்டார். "பாஸ் மேடம்! குறை வந்தா டீலர் என்ன செஞ்சார்னு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு மார்க் வாங்கினது இந்த பேட்ச்ல நீங்க மட்டும்தான். திசை தப்பினதுக்குப் போன மார்க்கெல்லாம் அதுல திரும்பிடுச்சு." அடிப்படையில் என்ற வார்த்தையை அவர் மறந்தே போனார். அண்ணன் பாயைக் கட்டிப்பிடித்தார். பாய் எல்லாருக்கும் டீ போட்டார்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பழனியம்மா குடை பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். எங்களை வழியனுப்ப வந்தார் என்று நினைத்தேன். அவர் நேரே பாயிடம், "அந்தப் பையைக் குடுங்க பாய்" என்றார். பாய் ஸ்டூல் போட்டு ஏறி, பிஸ்கட் டின்களுக்குப் பின்னாலிருந்து, இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுற்றிய ஒரு பையை இறக்கினார். மகளுடைய மார்க் ஷீட்டுகள், சாதிச் சான்றிதழ், எல்லாம் அதில்தான். அந்தப் பழைய கூரை ஒழுகிய நாளிலிருந்து அவை இந்தக் கடையில்தான் இருந்தனவாம். மகளுக்கு எதற்காவது தேவைப்பட்டால் இங்கே வந்து எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, திரும்ப இங்கேயே வைத்துவிட்டுப் போவார்களாம்.

"இனி ஊட்டுலயே இருக்கட்டும் பாய்" என்றார் பழனியம்மா.

"நிச்சயமாங்களா?" என்றார் பாய்.

பழனியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க நம்பரு கூரையோட குடுத்த உத்தரவாத அட்டையில இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே கூப்பிடுங்க" என்றேன். அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேட்டு வழியில் வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஏற்காடு வந்து சேலம் பஸ் பிடித்தோம். அண்ணன் இந்தத் தடவை முதல் வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வளைவும் இறங்கி முடிக்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பழனியம்மா கூப்பிட்டாரா என்று பார்த்தேன். மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் நாலு கோடும் இருந்தது. போன் அடிக்கவில்லை.